கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அப்பா

வளசரவாக்கத்தில் ஒரு மாடி ஸ்டூடியோ. வெள்ளைத் திரைக்கு முன்னால் என் நாலு வயசு மகள். ரெண்டு பக்கமும் குடை விளக்குகள். அவள் கேமராவைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அந்தக் கறுப்புக் குழாயில் அவள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? போட்டோகிராபர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க எனக்குப் பின்னாடி வந்து நின்னு ஏதாவது பண்ணுங்க" என்றார். போய் நின்றேன். பைக் சாவியை ஆட்டினேன். நாக்கை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேமராவுக்குள் போனது.

மூன்றாவது உடை மாற்றும்போது, "போதும்ப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். "இன்னும் ரெண்டே ரெண்டு, குட்டி" என்றேன். அதற்குப் பிறகு அவள் நாலு முறை போதும் என்றாள். நானும் நாலு முறை ரெண்டே ரெண்டு என்றேன். இந்தக் கட்டுரை அந்த 'ரெண்டே ரெண்டு' பற்றியது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மால் ஒன்றின் எஸ்கலேட்டர் பக்கத்தில் ஒரு பெண் வந்து கார்டு நீட்டினார். "பாப்பாவுக்கு நல்ல ஃபேஸ் கட் சார். பேபி புராடக்ட், ஸ்கூல் விளம்பரம், தீபாவளி டிரஸ் கேட்டலாக், எல்லாத்துக்கும் ஆள் தேடிட்டே இருக்காங்க." ரெண்டு நாள் கழித்து போன். பாப்பா 'ஷார்ட்லிஸ்ட்' ஆகிவிட்டாளாம். இனி ஒரு போர்ட்ஃபோலியோ மட்டும்தான் பாக்கி. இருபத்தெட்டாயிரம், ஜி.எஸ்.டி. தனி. அலுவலகத்தில் மாதாமாதம் வரும் போலி மின்னஞ்சல் சோதனையில் நான் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள், கட்டணம் செலுத்தவும்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பேன். அதே வாக்கியத்தை என் மகள் பெயரைச் சேர்த்துச் சொன்னதும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

அந்தப் போர்ட்ஃபோலியோவைப் பார்த்து ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள். நாலு வயசுக் குழந்தையின் முகம் ஆறு மாதத்தில் மாறிவிடும். கன்னம் வற்றும், முடி வளரும். விளம்பரத்துக்கு ஆள் தேர்வு செய்பவருக்கு வேண்டியது இன்றைய முகம். ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், மேக்கப் இல்லாமல், போனில் எடுத்த மூன்று படமும், பேர் சொல்லி வயசு சொல்லும் அரை நிமிட வீடியோவும் போதும். முறையாக வேலை செய்யும் கோஆர்டினேட்டர் வேலை கிடைத்த பிறகு, கிடைத்த சம்பளத்திலிருந்து கமிஷன் எடுப்பார். வேலை கிடைக்கும் முன்பே உங்களிடம் காசு கேட்பவருக்கு உங்கள் குழந்தை மாடல் இல்லை. நீங்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான். தன் பிள்ளை அழகு என்று அந்நியர் ஒருவர் சொல்லிக் கேட்க ஆசைப்படும் பெற்றோர்தான் அங்கே சந்தை. இந்த ஊரில் அது வற்றாத சந்தை.

ஆனால் பணம் போனது சின்ன விஷயம். நான் கோபப்படுவது வேறொன்றுக்கு.

குழந்தை மாடலிங் சம்பந்தப்பட்ட எல்லாச் சட்டங்களும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: பெற்றோர் குழந்தையின் பக்கம் நிற்பார்கள் என்பது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் போட முடியாது. அதனால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுகிறார்கள். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பதினாலு வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றவர்கள், சினிமா, சீரியல், விளம்பரம் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். பட்டாசு ஆலையில் கூடாது, டீக்கடையில் கூடாது, சோப்பு விளம்பரத்தில் கூடும். அதற்கு ஈடாக 2017 விதிகள் சில நிபந்தனைகளைப் போட்டன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்னதாகவே அனுமதி வாங்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு எதிராக நடிக்க வைக்கக் கூடாது.

கடைசி நிபந்தனையைப் பாருங்கள். நாலு வயசுக் குழந்தையின் விருப்பத்தை அந்த அறையில் யார் கண்காணிப்பது? ஆட்சியரா வருவார்? அங்கே இருப்பது அப்பாதான். அந்த அப்பாவைத்தான் இந்தத் தொழில் முதல் வேலையாகக் கேமராவுக்குப் பின்னால் அழைத்துக்கொள்கிறது. சாவியை ஆட்டச் சொல்கிறது. அதற்குப் பிறகு குழந்தை யாரிடம் போய்ப் போதும் என்று சொல்லும்?

கையெழுத்துக்கு வருகிறேன். வேலையில் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைச் சேர்ப்பதற்கு முன் அதன் லைசென்ஸைப் படிப்பேன். எம்.ஐ.டி. என்றால் சேர்க்கலாம், ஜி.பி.எல். என்றால் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். யாரோ எழுதிய நூறு வரி கோடுக்கு அத்தனை கவனம். ஸ்டூடியோ மேசையில் நீட்டிய ரெண்டு பக்கத் தாளை மட்டும், மகள் பசிக்குது என்றதால், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்துதான் படித்தேன். இன்று இருக்கும், இனிமேல் வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, காலவரம்பு இல்லாமல், மாற்றியும் திருத்தியும் பயன்படுத்தலாம். மூன்றாம் நபருக்குக் கொடுக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. சில படங்கள் கையில் இருந்தாலே அந்த முகத்தை வைத்து எடுக்கவே எடுக்காத படத்தை உருவாக்கிவிடக்கூடிய காலத்தில், 'இனிமேல் வரப்போகும்' என்ற வார்த்தையின் எடை எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பெரிய மாடல்கள் இப்படி எழுதிக் கொடுப்பதில்லை. எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை வருடம் என்று மூன்றுக்கும் எல்லை போட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அதைத் தாண்டினால் தனிப் பணம். காலவரம்பே இல்லாமல் முகத்தை எழுதிக் கொடுப்பது குழந்தைகள்தான். சரியாகச் சொன்னால், குழந்தைகளின் அப்பாக்கள்தான்.

இதெல்லாம் மிகை என்று தோன்றினால் புரூக் ஷீல்ட்ஸ் வழக்கைச் சொல்கிறேன். 1975-இல், அவருக்குப் பத்து வயசாக இருந்தபோது, கேரி கிராஸ் என்ற போட்டோகிராபர் அவரைச் சில படங்கள் எடுத்தார். அந்த வயசுக் குழந்தையை எடுக்கவே கூடாத படங்கள். அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார். வளர்ந்து நடிகையான பிறகு, இந்தப் படங்களை இனிமேல் பயன்படுத்தக் கூடாது என்று ஷீல்ட்ஸ் நீதிமன்றம் போனார். 1983-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அம்மா கொடுத்த சம்மதம் மகளைக் கட்டுப்படுத்தும், அதை மகள் ரத்து செய்ய முடியாது. அது வேறு நாடு, வேறு சட்டம். ஆனால் கேள்வி நம்முடையதும்தான். குழந்தைக்காக நாம் போடும் கையெழுத்தை அந்தக் குழந்தை வளர்ந்து வந்து அழிக்க முடியுமா?

பணத்திலும் இதே கதை. சாப்ளினின் 'தி கிட்' படம் 1921-இல் வந்தது. அதில் அந்தச் சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் பல லட்சம் டாலர் சம்பாதித்தான். பெரியவனாகி, தன் காசு எங்கே என்று கேட்டபோது அம்மாவும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டார். அன்றைய கலிஃபோர்னியாவில் மைனரின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பதால் கைக்கு வந்தது கொஞ்சம்தான். அதன் பிறகுதான் 1939-இல் கூகன் சட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தையின் வருமானத்தில் 15 சதவீதம் தனிக் கணக்குக்குப் போகிறது. நம் 2017 விதிகள் 20 சதவீதம் என்கின்றன: தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், குழந்தையின் பெயரில், நிரந்தர வைப்பாக. நல்ல விதிதான். ஆனால் மிச்சம் 80 சதவீதம் யாருடையது என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. வெளிச்சத்தில் நின்றது அவள். சாவி ஆட்டியது நான். என் பங்கு எண்பதா?

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. எடுத்த படங்கள் ஒரு வாரத்தில் வந்தன. என் மகள் மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழே, என்னைப் போல. படத்தில் இருந்தவள் வெளுத்திருந்தாள். கேட்டதற்கு, "லேசா டச்-அப் பண்ணியிருக்கோம் சார், கிளையண்ட் அப்படித்தான் எதிர்பார்க்கிறாங்க" என்றார்கள். பொய்யில்லை. தமிழ்நாட்டு ஜவுளிக்கடை விளம்பரத்தில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைப் பாருங்கள். நம் தெருவில் அந்த நிறத்தில் எத்தனை குழந்தை? நிறம் கறுத்தவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2014-லேயே சொல்லிவிட்டது. 2020-இல் ஒரு பிரபல கிரீம் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதையே எடுத்துவிட்டது. பெயர் போனது, எதிர்பார்ப்பு போகவில்லை. மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எதிர்க் கேள்விகள் தெரியும். "தன்னம்பிக்கை வளரும்ல?" கேமரா முன்னால் நின்றால் வளர்வது கேமரா முன்னால் நிற்கும் பழக்கம். நிராகரிப்பையும் கணக்கில் சேருங்கள். ஓட்டப்பந்தயத்தில் தோற்றால் இன்னும் வேகமாக ஓடணும் என்று குழந்தைக்குச் சொல்லலாம். முகத்துக்காக நிராகரித்தால் என்ன சொல்வீர்கள்? இன்னும் நல்ல முகத்தோடு வா என்றா?

"அவளுக்கே ஆசை." இருக்கலாம். நாலு வயசில் என் மகளுக்குத் தண்ணி லாரி ஓட்டவும் ஆசை இருந்தது. அதற்கு நான் இருபத்தெட்டாயிரம் கட்டவில்லை.

"ஐ.டி. சம்பளம் வாங்குற நீ சொல்லலாம், எங்களுக்கு இது ஒரு வழி." இதை மட்டும் என்னால் தட்டிவிட முடியாது. அன்று அந்தக் காத்திருப்பு அறையில், உணவு டெலிவரி கம்பெனியின் சட்டையிலேயே ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் உட்கார்ந்திருந்தார். ரெண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போனது ஒரு மாத ஆடம்பரம். அவருக்குப் போனது எத்தனை நாள் வெயிலோ. வறுமைக்கு வழி என்று இந்தத் தொழிலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள், அது ஏழையிடம் முதலில் வாங்குகிறது, பிறகும் பெரும்பாலும் ஒன்றும் கொடுப்பதில்லை என்பதைச் சொல்வதில்லை. அபூர்வமாகக் கொடுத்தாலோ இன்னும் சிக்கல். வீட்டு வாடகை குழந்தையின் முகத்திலிருந்து வரும்போது, அந்தக் குழந்தை போதும் என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது. டீக்கடையில் சிறுவன் வேலை செய்யக் கூடாது என்று நாம் சட்டம் போட்டதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

தடை செய்யச் சொல்லவில்லை. விளம்பரங்களில் குழந்தைகள் இருப்பார்கள், இருக்கட்டும். ஒழுங்காக நடத்துபவர்களும் உண்டு. கைக்குழந்தை வேண்டிய இடத்தில் இரட்டையர்களை அழைத்து, ஒன்று தூங்கும்போது இன்னொன்றை எடுப்பார்கள். குழந்தை அழுதால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நான் சண்டை போடுவது 'பிள்ளைக்கு உதவி பண்றோம்' என்ற வார்த்தையோடு. உதவி என்றால் என்ன? முன்பணம் கேட்டால் எழுந்து வருவது. ஆட்சியர் அனுமதி எங்கே என்று கேட்பது. கேட்டால் வாய்ப்புப் போகும் என்றால் போகட்டும் என்று விடுவது. ஊடகம், நாடு, காலம் மூன்றுக்கும் எல்லை எழுதாத தாளில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. 20 சதவீதம் போக மீதியையும் அவள் பெயரிலேயே போடுவது. எல்லாவற்றுக்கும் மேல், குழந்தையின் பக்கத்தில் நிற்பது. சாவி ஆட்ட வேறு ஆள் வைத்துக்கொள்ளட்டும். அவள் முதல் முறை போதும் என்றதும் செருப்பை மாட்டிவிட வேண்டியது நாம்.

இத்தனையும் செய்தால் வாய்ப்பே வராது என்பீர்கள். அப்படியென்றால் அந்த வாய்ப்பு எதை நம்பி நடந்துகொண்டிருந்தது என்று புரிகிறது அல்லவா?

போன மாதம் ஸ்டூடியோவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் மகளின் படங்களை எல்லாம் அழித்துவிடுங்கள், பணம் திரும்ப வேண்டாம் என்று. மூன்று நாள் கழித்து மரியாதையான பதில் வந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளின் ஸ்கேன் பிரதியும், ஆறாவது பிரிவின் மேல் ஒரு மஞ்சள் கோடும்.

மகளுக்கு இப்போது ஆறு வயசு. இரண்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். நேற்றுப் பிறந்தநாள் கேக் வெட்டும்போது வழக்கம்போலப் போனைத் தூக்கினேன். கையை நீட்டி லென்ஸை மறைத்தாள். போனைக் கீழே வைத்தேன். வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.