மூளைக்குள் கம்பி வைப்பது எந்த ஊரில்?

நடுக்குவாதத்துக்கு மூளையில் பேஸ்மேக்கர் மாதிரி ஒன்று வைக்கிறார்களாமே, அப்பாவைப் புனேவுக்கே அழைத்துவந்து செய்துவிடலாமா என்று இந்த வருஷத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிற ஆசாமி. என் மாமனாருக்கு அந்த ஆபரேஷன் ஆனது தெரிந்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். பிள்ளை வேலை பார்க்கிற ஊரில் செய்யாதீர்கள். பெரியவர்கள் அதற்கப்புறம் இருக்கப்போகிற ஊருக்குப் பக்கத்தில் செய்யுங்கள்.

டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டி.பி.எஸ். பிரான்சில் கிரனோபிள் நகரத்தில் 1987-ல் பெனாபிட் என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தது. அதுவரை நடுக்கத்துக்கு மூளையில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டு அழிப்பார்கள். சுடுவதற்கு முன்னால் இடம் சரிதானா என்று மின்சாரம் கொடுத்துப் பார்க்கும்போது, வேகமான துடிப்பாகக் கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடுவதைக் கவனித்தார். அப்படியானால் அழிப்பானேன், கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே! இப்போது தலையில் இரண்டு சின்ன ஓட்டை, உள்ளே மெல்லிய கம்பிகள், கழுத்துத் தோலுக்கு அடியில் ஒயர், காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. "மின்வாரியத்துல முப்பது வருஷம் இருந்தாச்சு, இப்ப தலைக்குள்ளயும் கரண்டா?" என்றார் மாமா.

நோயை இது குணப்படுத்தாது. மாத்திரை கேட்கிற நேரம், கேட்காத நேரம் என்று நாள் முழுக்க ஊஞ்சலாடுவதைக் குறைக்கும், மாத்திரையால் வரும் உடம்பு நெளிவைக் குறைக்கும். மாத்திரைக்கு எது கேட்கிறதோ அதுதான் கம்பிக்கும் கேட்கும் என்பது பொது விதி. (நடுக்கம் மட்டும் விலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம்கூட இதற்கு அடங்கலாம்.) அதனால்தான் ராத்திரி முழுக்க மாத்திரையை நிறுத்தி, காலையில் மார்க் போட்டு, மறுபடி மாத்திரை கொடுத்து மார்க் போடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் வேண்டும். இதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும், வீட்டில் நிறுத்திப் பார்க்கக் கூடாது, ஆபத்து. கேட்ட மூவரில் ஒருவருடைய அப்பாவுக்கு மாத்திரை போட்டாலும் நிற்கத் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மறதி. இது உங்களுக்கு உதவாது சார், பிசியோதெரபியைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்வார் என்றேன். அப்படியே சொன்னார்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தையல் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் சில வாரம் கழித்துத்தான் கருவியை ட்யூன் செய்யவே ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் நாலு அல்லது அதற்கு மேல் மின்முனைகள். எந்த முனை, எவ்வளவு மின்சாரம், எத்தனை வேகம் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கூடவே மாத்திரையையும் குறைக்க வேண்டும். நடுக்கம் உடனே நிற்கும், நடை சரியாக நாளாகும். கொஞ்சம் கூடிப்போனால் நாக்குக் குழறும், கால் இழுக்கும், சிலருக்கு மனநிலையே மாறும். முதல் ஆறு மாதத்தில் எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த நேரத்தில் டாக்டர் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: இப்போது எப்படி இருக்கிறது? மரத்துப்போகிறதா, குறுகுறுக்கிறதா, சுருக்கென்று இழுக்கிறதா? இதை மராத்தி டாக்டருக்கு என் இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்வதை யோசித்துப் பாருங்கள். 'விறுவிறுங்குது' என்று மாமா சொன்னால் நான் என்னத்தைச் சொல்ல?

மச்சினன் பெங்களூரில் செய்யலாம் என்றான், நான் புனே என்றேன். அத்தைதான் முடித்து வைத்தார்கள். "அங்க வந்து நா யாருட்ட பேச? லிப்ட்ல ஏறவே பயமா இருக்கு." நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம். ஸ்ரீசித்திரா மாதிரி மத்திய அரசு நிறுவனமே அங்கே இருக்கிறது, தமிழும் செல்லும். காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். நாங்கள் லீவு போட்டது ஆபரேஷன் வாரத்துக்கு மட்டும். மற்ற தடவையெல்லாம் அத்தையும் ஒரு டாக்சிக்காரரும்தான். அரை மணிக்கு ஒருமுறை மாமா எப்படி இருந்தார் என்று அத்தை எழுதி வைத்த நோட்டு, எங்கள் போன் விசாரிப்புகளைவிட டாக்டருக்கு உபயோகப்பட்டது.

அப்பா அம்மா நிரந்தரமாக உங்களோடு வந்துவிட்டார்கள் என்றால் புனேயிலேயே செய்யுங்கள், வாதமே இல்லை. ஊர் ராமநாதபுரம் பக்கம் என்றால் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கலாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் கருவியை அதே கம்பெனியின் புரோகிராமரால்தான் மாற்ற முடியும். வைக்கப்போகும் கருவிக்கு ஊர்ப்பக்கத்தில் யாரிடம் அது இருக்கிறது? தூரத்திலிருந்தே இணையம் வழியாக மாற்றும் வசதிக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. நீங்கள் வாங்குவதில் அது உண்டா, இங்கே வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, இதைக் கடைசி ஆயுதம் என்று தள்ளிப்போடுவது. 2013-ல் வெளியான பிரெஞ்சு, ஜெர்மானிய ஆய்வில் 251 பேர், எல்லோரும் ஏறக்குறைய அறுபதுக்குள். மாத்திரையின் ஊசலாட்டம் தொடங்கி மூன்று வருஷத்துக்குள் செய்துகொண்டவர்களின் வாழ்க்கை, வெறும் மாத்திரையில் இருந்தவர்களைவிட இரண்டு வருஷம் கழித்து நன்றாக இருந்தது. நம் வீடுகளில் பூனைக்காலி விதையில் ஆரம்பித்து (அதிலும் இருப்பது அதே லெவோடோபாதான், மாத்திரையோடு சேர்த்தால் அளவு எகிறும்) எல்லாம் முடித்து எழுபத்தைந்தில் வருகிறார்கள். மூளையில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்று ஆபரேஷனின் ஆபத்துகள் சிறியவைதான், ஆனால் உண்டு. வயது ஏற ஏற டாக்டர் தயங்குவது நியாயம்.

செலவு பல லட்சம், பெரும்பகுதி கருவிக்கே. ரீசார்ஜ் ஆகாத பேட்டரியை மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், அது மறுபடி ஒரு செலவு. கம்பெனி காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் போட்ட விதியில் இந்தச் சிகிச்சை பெயர் சொல்லியே இருந்தது, ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள கம்பெனிக்கு அனுமதி இருந்தது. எங்களுக்கு அந்த வரம்பு பாதிக்குக்கூட வரவில்லை. ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு அந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.