பந்துக்கு அப்பால்

பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள் காலைப் பத்திரிகையே சொல்லிவிடும். ஆனால், ஜெயித்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அவள் வெளியூர் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்ளுகிறார்கள்? இதெல்லாம் தெரிந்தால்தானே, நேயர்களே, நமக்கும் ஆட்டத்தில் ஒரு பிடிப்பு உண்டாகும்!

அமெரிக்காவில் 1994-ல் 'ஸ்லாம்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். கூடைப் பந்துதான் அதற்கு உயிர். புள்ளிக் கணக்கோடு நின்றுவிடாமல், ஆட்டக்காரர் போடும் ஜோடு, கேட்கும் பாட்டு, பிறந்து வளர்ந்த தெரு என்று சகலத்தையும் எழுதியது. வீட்டு மனிதர்களைப் பற்றிப் படிப்பதுபோல் இளைஞர்கள் ஆவலாகப் படித்தார்கள்.

தமிழில் அப்படி ஒன்று வந்தால், முதல் அட்டையில் யாரைப் போடலாம்? என்னைக் கேட்டால், சென்னை அனிதா பால்துரையைத்தான் சொல்லுவேன். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி. 2001 முதல் 2017 வரை வரிசையாக ஒன்பது ஆசியப் போட்டிகள். 2021-ல் பத்மஸ்ரீ விருது.

இனி மைதானத்துக்கு வெளியே பாருங்கள். உத்தியோகம் தெற்கு ரயில்வேயில். நடுவில் கல்யாணம், குழந்தை. "போதும், இனி வீட்டோடு இரு" என்று ஊர் சொல்லும் கட்டம் அல்லவா அது? அம்மாவான பிறகும் அனிதா பந்தைக் கையில் எடுத்தார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில், இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து முதல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே புள்ளி வித்தியாசம்!

"எல்லாம் சரி, விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வேயும் சில வங்கிகளும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து உத்தியோகம் கொடுக்கின்றன. ஆடும் நாளில் ரயில்வேக்காக ஆடலாம். ஆட்டம் ஓய்ந்த பிறகும் வேலை இருக்கும். எல்லாருக்கும் கிடைத்துவிடாது என்பதும் உண்மை. ஆகையால் படிப்பை விட்டுவிடக் கூடாது.

"ஆண்பிள்ளை விளையாட்டு" என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. 1891-ல் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளைக் கட்டி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் கல்லூரிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார். 1893-ல் அங்கே நடந்த பந்தயத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியே இல்லை!

ஆந்திர எல்லையோரம் இருக்கும் பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தறி ஓசை கேட்டு வளருகிற ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு அனிதாவின் கதை தெரிந்தால் என்ன ஆகும்? பத்தடி உயரத்தில் ஒரு வளையம், ஒரு பந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்பாள். அவ்வளவுதான்.

உங்கள் பெண்ணும் கேட்டால், "சொல்லிக் கொடுப்பவர் யார்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று அவசியம் விசாரியுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், அந்த ஒரு மணி நேரம் பாத்திரம் துலக்கும் வேலையைத் தம்பியிடம் கொடுங்கள். அவன் கை ஒன்றும் தேய்ந்துவிடாது!