அசுணத்தைத் தேடுவோரும் ஆவுளியாவை மறந்தோரும்

தமிழாசிரியர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், அசுணம் பறவையா விலங்கா என்னும் வழக்கு எழாமல் போவதில்லை. யாழிசைக்கு மயங்கி அருகில் வரும். வன்பறை ஒலித்தால் அக்கணமே உயிர்விடும். ஏறத்தாழ இவ்வளவுதான் பழம்பாடல்கள் நமக்குச் சொல்லும் செய்தி. இதனை வைத்துக்கொண்டு ஒருவர் விலங்கு என்பார். ஒருவர் பறவை என்பார். மூன்றாமவர் வெறுங்கற்பனை என்று ஒதுக்குவார். நான்காமவர் தேநீர் ஆறிப் போகிறது என்பார். இவ்வழக்கில் நானும் இருபது ஆண்டுகளாக ஒரு கட்சிக்காரன்தான். எந்தக் கட்சி என்பது இங்கு வேண்டா. அந்த மாலைப்பொழுதுகளை எண்ணுகையில் இப்போது கூச்சம் உண்டாகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லூரி மாணவர்க்கென ஒரு வினாடி வினாப் போட்டி நடந்தது. அரிய விலங்குகள், அழிந்த விலங்குகள் என்பது ஒரு சுற்றின் தலைப்பு. டைனோசர் வந்தது, டோடோ வந்தது, மாமூத் யானை வந்தது. மாணவர்கள் மடமடவென்று விடை சொன்னார்கள். பிறகு, "கடலடிப் புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி எது?" என்ற வினா ஓர் அணிக்கு வாய்த்தது. மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணவி எழுந்து, "ஆவுளியா, ஐயா" என்றாள். அரங்கில் சிலர் சிரித்தனர். நடுவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் "டூகாங்" என்று இருந்தது. "தவறு" என்று சொல்லி வினாவை அடுத்த அணிக்குத் தள்ளினார். அடுத்த அணி "டூகாங்" என்றது. கைதட்டல் எழுந்தது.

அந்த நடுவர் நான்தான்.

வீடு திரும்பி நூல்களைப் புரட்டிய பின்னரே இரண்டும் ஒரே உயிரின் பெயர்கள் என்பது விளங்கிற்று. ஆண்டுதோறும் நெய்தல் திணையை நடத்துகிற ஒருவன், நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தி தன் கரையின் வழக்கிலிருந்து எடுத்துத் தந்த சொல்லைத் தவறு என்று தள்ளினான். தென்கிழக்காசியத் தீவு மொழியொன்றிலிருந்து ஐரோப்பியர் எடுத்துப் போய் உலகுக்குப் பரப்பிய சொல்லுக்கு மதிப்பெண் வழங்கினான். (ஆவுளியா என்பதன் முதலெழுத்து "ஆ" என்பதைக் கண்டதும் அதிலே ஒரு பசுவைக் கட்டி இழுத்துவரச் சில நண்பர்களுக்குக் கை துடிக்கும். பொறுத்தருள்க.)

இதனை என் ஒருவனின் அறியாமை என்று விட்டுவிடலாம். நான் விடத் தயாராக இல்லை. அந்த அட்டை ஒரு பழக்கத்தின் விளைவு. வார இதழ்களிலும் பள்ளி மலர்களிலும் "உங்களுக்குத் தெரியுமா?" என்று கட்டம் கட்டி வருகிற துணுக்குகளைப் படித்தே நாம் விலங்கை அறிந்தோம். எண்காலிக்கு மூன்று இதயம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மனிதனுக்கு உள்ளது போலவே ஏழு எலும்பு. இவற்றில் பொய் இல்லை. இடம்தான் இல்லை. எந்தக் கரை, யாருடைய வலை, எவர் வைத்த பெயர், எதனால் அழிந்தது என்ற கேள்விகள் அந்தக் கட்டத்துக்குள் நுழைவதே இல்லை. டோடோ அழிந்தது என்பது துணுக்கு. 1598இல் டச்சுக் கப்பலோர் மொரீசியசில் இறங்கியதும், கப்பல்களோடு வந்த பன்றியும் எலியும் குரங்கும் அந்தப் பறவை தரையில் இட்ட முட்டைகளைத் தின்று தீர்த்ததும், 1662க்குப் பின் அதனை உயிரோடு கண்டதாக உறுதியான சான்று இல்லாமற் போனதும் வரலாறு. துணுக்கு வியக்க வைக்கும். வியந்தவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஆவுளியாவைப் பற்றி என் அட்டையில் இல்லாதவை சில. முழு வளர்ச்சி பெற்றது மூன்று மீட்டர் அளவு நீளம், நானூறு கிலோ அளவு எடை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வர வேண்டும். வர முடியாதபடி வலை பிடித்துக்கொண்டால் நீரில் வாழும் அந்த உயிர் நீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். உணவு கடற்புல். பாசியன்று, புல், பூத்துக் காய்க்கிற தாவரம். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோவரை வேரோடு பறித்துத் தின்னும். மேய்ந்து போன தடம் கடலடி மணலில் கோடு கிழித்தாற்போலத் தெரியுமாம். அதன் நெருங்கிய உறவு மீனன்று, திமிங்கிலமுமன்று, யானை. ஆணுக்குச் சிறு தந்தங்கள் உண்டு. பெண்ணுக்கு முலை இரண்டும் யானைக்குப் போலவே முன்னுறுப்புகளை ஒட்டி மார்பில் அமைந்திருக்கும். கடற்கன்னிக் கதைகளுக்கு இந்த மார்பே காரணம் என்பர். 1493 சனவரியில் கொலம்பசு கரீபியக் கடலில் கடற்கன்னியர் மூவரைக் கண்டு, சொல்லப்படும் அளவுக்கு அழகில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது இதன் உறவினமான மானட்டியைப் பார்த்துத்தான் என்று கருதப்படுகிறது.

எழுபது ஆண்டு வரை வாழும் என்பது நல்ல செய்தி போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். பெண் கருவுறும் பருவம் எய்தவே பெரும்பாலும் பத்தாண்டு ஆகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை இடைவெளி. ஒரு வலையில் ஒரு தாய் மாண்டால் அவ்விடம் நிரம்பத் தலைமுறைக்காலம் வேண்டும்.

இந்த உயிருக்குப் பெரிய உடன்பிறப்பு ஒன்று இருந்தது. 1741இல் பெரிங் என்பவரின் கப்பல் வடபசிபிக் கடலில் ஆளில்லாத தீவொன்றில் மோதிச் சிதைந்தது. பெரிங் அங்கேயே இறந்தார். கப்பலில் வந்த இயற்கையியலார் ஸ்டெல்லர் உயிர் தப்பி, அத்தீவின் கரையோரத்தில் மேய்ந்த பேருருக் கடற்பசுவைக் கண்டு குறிப்பெழுதினார். எட்டு மீட்டர் நீளம். மனிதரைக் கண்டு ஓடத் தெரியாத சாது. கொல்லப்பட்டுக் கரையில் கிடந்த பெண்ணைத் தேடி ஆண் இரண்டு நாள் அடுத்தடுத்துக் கரைக்கு வந்து பார்த்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அன்றிலின் பிரிவாற்றாமைக்காகப் பக்கம் பக்கமாக உருகும் நம்மில் எத்தனைபேர் இதனைப் படித்திருப்போம்? தோலுக்காக அவ்வழி சென்ற வேட்டைக்காரர் வழியுணவாக அதனைக் கொன்றுகொண்டே போயினர். கடைசிச் செய்தி 1768இல். கண்டறிந்த பின் இருபத்தேழே ஆண்டில் ஓர் இனம் முடிந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். புதுக்கோட்டைச் சமத்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974இல் மாவட்டம் உருவானபோது தஞ்சைப் பக்கத்திலிருந்து அறந்தாங்கி வட்டாரம் வந்து சேர, அதனோடு கடலும் சேர்ந்தது. எங்கள் நகரத்து அறிஞர்களின் மனம் இன்னும் அந்தக் கடலை வாங்கிக்கொள்ளவில்லை என்றே சொல்வேன். சித்தன்னவாசல் தாமரைக் குளத்து ஓவியத்தில் உள்ள மீனையும் யானையையும் எருமையையும் பறவையையும் எண்ணிச் சொல்லுவோம். மணமேல்குடி என்றால் குலச்சிறை நாயனார் நினைவுக்கு வருவார். அதே மணமேல்குடிக்கு எதிரே உள்ள நீரில் மேய்வது யார் என்று கேட்டால் அட்டையைத் தேடுவோம்.

2022 செப்டம்பரில், அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரையிலான பாக் விரிகுடாவில் ஏறத்தாழ 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டக் கடலிலும் பரந்து கிடப்பது. இங்கே கடற்புல் வெளி மட்டும் 12,000 ஹெக்டேருக்கு மேல் உள்ளது. இந்தியக் கடல்களில் எஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் இருநூற்றைச் சற்றே கடக்கலாம் என்பதே மதிப்பீடு; அவற்றில் பெரும்பங்கு நம் கடலில். இத்தகைய ஒன்று வேறு மாவட்டத்துக்கு வாய்த்திருந்தால் பேருந்து நிலையத்தில் சிலை வைத்திருப்பார்கள். எங்கள் கல்லூரிகளில் இதுபற்றி ஒரு கருத்தரங்கு நடந்ததாக என் காதுக்கு எட்டவில்லை. அசுணம் பற்றி இரண்டு நடந்தன. இரண்டிலும் நான் கட்டுரை வாசித்தேன்.

அதே 2022இல் சீனக் கடற்பரப்பைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. அறிவியலார் தென்சீனக் கரையின் மீனவ ஊர்களுக்குச் சென்று எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கேட்டனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவர் நூற்றுக்கு ஐவர் அளவே. அவர்களும் பார்த்தது சராசரியாக இருபது ஆண்டுக்கு முன். இதனைக்கொண்டே, அக்கடலில் அவ்வினம் அற்றுப்போனதற்கு ஒப்பு என்று முடிவு கட்டினர். என்னை உறுத்துவது இதுதான். ஓர் உயிர் இருக்கிறதா இல்லையா என்று அறிய உலக அறிவியல் மீனவரிடம் போய் நிற்கிறது. மீனவர் வீட்டுப் பெண் எங்கள் அரங்கில் வந்து நின்று பெயரைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம்.

"மீனவர்கள்தாமே அதனைக் கொன்று தின்றார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். தின்றார்கள். விரிகுடாவின் இரு கரையிலும் அதன் இறைச்சி விரும்பி உண்ணப்பட்டது. 1972இன் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காத்த பிறகும் கள்ளத்தனமாக நடந்தது. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வலையில் சிக்கியதை அறுத்து விடுவித்து, வலைக்கான இழப்பைத் தாங்கி, வனத்துறையின் பாராட்டைப் பெற்றவர்களும் அவர்களே. வலையின் விலை என்னவென்று சம்பளக்காரனாகிய எனக்குத் தெரியாது. அறுக்கும் கைக்குத் தெரியும். கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவலையைப் பரப்பியதில் கடன் கொடுத்தவர், ஏற்றுமதி செய்தவர், ஊக்கம் தந்த திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுத் தொழிலை நம்பியுள்ள குடும்பங்களிடம் மட்டும் முழுப் பழியையும் இறக்கி வைப்பது நேர்மையன்று. பாதுகாப்பகம் என்பது உள்ளூர் மக்களைக் கலந்தே அமைய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கலந்துரையாடல் எந்தச் சொல்லில் நடக்கும், டூகாங்கிலா?

"இது விலங்கியல் துறையின் வேலை, நமக்கென்ன?" என்பது மற்றொரு மறுப்பு. பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கொம்பை நட்டு வழிபடுவதை நாம் நடத்துகிறோம். அது எந்தச் சுறா என்று எந்த மாணவனாவது கேட்டால் உரையாசிரியரைக் காட்டுகிறோம். வாள் போன்ற நீண்ட மூக்குடைய வேளாவே அது என்பது என் துணிபு. அந்த வேளாவும் உலகெங்கும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. நம் கரையில் அதனைக் கண்ட இளைஞர் அரியர். நெய்தலை நடத்துகிறவனுக்கு இது பாடமில்லை என்றால் பின் எதுதான் பாடம்? ஏட்டில் இடம்பெற்ற உயிர்க்கே வகுப்பில் இடம் என்றால், ஆவுளியா அற்றுப்போய், அதனை ஒரு புலவர் பாடி, அந்தப் பாட்டுக்கு உரை எழுதப்படும் வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். அப்போது அது பறவையா விலங்கா என்று வழக்காடலாம்.

நான் கேட்பது பெரிதன்று. எங்கள் மாவட்டக் கல்லூரித் தமிழ்த்துறைகள் ஓராண்டுக்கு அசுணத்தை உறங்க விடட்டும். கட்டுமாவடி தொடங்கித் தெற்கே உள்ள கரையூர்களுக்கு மாணவரை அனுப்பி, மீன், புல், காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கு அங்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்யலாம். ஓங்கில், வேளா, ஆவுளியா என்று சொல்லக்கூடிய முதியோர் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வாண்டுப் போட்டிக்கும் என்னையே நடுவராக அழைத்துள்ளனர். அட்டைகளைத் திருத்தி எழுதினேன். அந்த வினாவுக்கு எதிரே ஆவுளியா, கடற்பசு என இரண்டு விடை எழுதியுள்ளேன். அம்மாணவி படிப்பு முடித்துச் சென்றுவிட்டாள். மணமேல்குடிப் பக்கத்து மாணவர் ஒருவரிடம் விசாரித்தபோது, அவளுக்குத் திருமணமாகி இராமேசுவரம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். அந்தச் சுற்றில் அவள் அணி தோற்றது ஒரே ஒரு வினாவால்.