தரவுத்தளக் கல்வியும் தமிழும்

நம் கலாசாலையினின்று ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞருட் சிலர் தரவுத்தளத் தொழிலிற் புகுகின்றனர். வங்கியின் கணக்கும், மருத்துவமனையின் பதிவேடும், புகைவண்டியின் முன்பதிவும் இத்தொழிலினரின் காவலில் இருப்பன. இத்துணைப் பொறுப்புடையோர் தம்முட் கூடிக் கற்பதும், கற்றதைத் தாய்மொழியில் எழுதிவைப்பதும் மிகவும் குறைவு என்பதையே நாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அண்மையில் பெயர்ப்பட்டி ஒன்று நம் கைக்கு வந்தது. கணினி அகர வரிசையில் அமைத்துத் தந்த பட்டி அது. அதில் பன்னீர்செல்வம் முன்னிற்கப் பரமசிவம் பின்னின்றார். வளவனுக்குப் பின் வழுதி வந்தார். ‘ய ர ல வ ழ ள ற ன’ என்று தொடக்கப்பள்ளிச் சிறுவனும் ஒப்பிப்பானே! யூனிகோடு என்னும் குறியீட்டு முறையில் நம் எழுத்துக்கள் பிற இந்திய எழுத்துக்களின் வரிசையையொட்டி எண் பெற்றுள்ளன. ஆகவே னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. ளகரம் ழகரத்தை முந்திவிட்டது. புள்ளியிட்ட மெய்யின் கதி இன்னும் இரங்கத்தக்கது. ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னே தள்ளப்படுகின்றது. எண்ணை மட்டும் நோக்கும் தரவுத்தளம் இவ்வாறே பிழைபடும். தமிழுக்குரிய வரிசைமுறை இதுவெனக் குறித்துவிட்டால் பிழை நீங்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் அதற்கு இடந்தந்துள்ளது. ஆனால் ழகரம் முந்தியதா, ளகரம் முந்தியதா என்ற கவலை ஆங்கில நூலாசிரியருக்கு எதற்கு? நாமன்றோ அதனை எழுதல் வேண்டும்!

எழுதினாரே இலர் என்று கூறுவது நன்றிகொன்றதாகும். ‘கணியம்’ இதழ் 2012 முதல் கணினி நுட்பங்களைத் தமிழில் இலவசமாக வழங்கி வருகின்றது. து. நித்யா என்பார் இயற்றிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ அவ்வழி வெளிவந்ததே. அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல்லாண்டுகள் கூடி, கற்றதைப் பிறர்க்குக் கட்டணமின்றி உரைத்தனர். மற்றொரு செய்தி நமக்கு வருத்தந் தருவது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் சில பகுதிகளில் ஒரு காலத்தே தமிழ்ப் பெயர்ப்பும் இருந்தது. காலத்துக்கேற்பப் புதுப்பிப்பார் இன்மையின் பின்வந்த பதிப்புக்களில் அது நீங்கிற்று. ஜப்பானியரோ அதன் கையேட்டையே தம் மொழியிற் பெயர்த்துப் பதிப்புதோறும் பேணி வருகின்றனர்.

‘தமிழிற் கற்றால் வேலை கிட்டுமோ?’ என வினவுவார் உளர். ஆணைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். யாம் அவற்றை மாற்றச் சொல்லவில்லை. தமிழ் வழியிற் பயின்று வந்த மாணவன் தியாகராய நகரின் பயிற்சி நிலையமொன்றில் பெரும் பணம் கட்டி, ஆணைகளை மனப்பாடம் செய்கின்றான். சுட்டு அமைத்தால் தேடல் விரைவாவது ஏன் என்று கேட்டால் விழிக்கின்றான். புத்தகத்தின் கடைசியிலுள்ள பொருட்குறிப்பு அகராதியைக் காட்டி அவன் மொழியில் விளக்கினால் ஐந்து நிமிடத்திற் புரியும்.

கூட்டத்தின் பயன் வேறுமுண்டு. நிபந்தனை குறியாமல் அழிக்கும் ஆணையிட்டு அட்டவணை முழுவதையும் வெறுமையாக்கியோர் இத்தொழிலில் அரியரல்லர். நாணத்தால் வாய் திறவார். நண்பர் நடுவே அதனைச் சொன்னால் பத்துப்பேர் பிழைப்பர். மைஎஸ்க்யூஎல் 5.7ஆம் பதிப்புக்குத் திருத்தம் வழங்கல் 2023 அக்டோபரில் நின்றது போன்ற செய்திகளும் இத்தகைய அவையில் உடனுக்குடன் பரவும்.

இது நம் நகருக்குப் புதிய வழக்கமன்று. நூற்பட்டி வகுப்பதும் தரவு வகுப்பதும் ஒரு குடிப்பிறந்தனவே. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டே அதன் சார்பில் எஸ். ஆர். அரங்கநாதனார் நூலகத்தொழில் பயிற்றும் பள்ளியைத் தொடங்கினார். தொழிலர் தாமே கூடித் தமக்குப் பள்ளி அமைத்துக்கொண்டனர்.

ஆகவே மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை நம் கலாசாலைக்கு வருக என அழைக்கின்றோம். ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும். ஒவ்வொருவர் உரையையும் ஒரு மாணவர் தமிழில் எழுதி வைக்கட்டும். இம்மலரில் அதற்கு இடமுண்டு. முதற்கூட்டத்துக்கு மேற்கூறிய பெயர்ப்பட்டியையே கொண்டுவருவோம். பரமசிவத்தை அவருக்குரிய இடத்தில் அமர்த்துவார் யார் என்று பார்ப்போம்.