நம் வட்டைக்கு வரும் விருந்தாளிகள்

அரிய பறவை என்றதும் நம்மவர்கள் குமணவைத்தான் சொல்வார்கள். 1938 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆனால் அதே அம்பாறைக் கரையில்தான் மாவடிப்பள்ளியும் இருக்கிறது. பறவைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. தண்ணீர், சேறு, இரை இருக்கும் இடமே அதற்குத் தெரியும்.

செப்டெம்பர் பிறந்தால் வடக்கே குளிர் இறங்கும். சைபீரியா, மத்திய ஆசியா, இமயமலை அடிவாரம் என்று பல இடங்களிலிருந்து பறவைகள் புறப்படும். உல்லான், ஆலா, தகைவிலான், ஆறுமணிக்குருவி எல்லாம் இப்படித்தான் நம் நாட்டுக்கு வந்து, ஏப்ரல் வரை தங்கிப் போகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜீ.பி.எஸ். கருவி பொருத்தினார்கள். அவை இந்தியாவையும் கடந்து வட துருவப் பகுதி வரை போனது தெரியவந்தது. இலங்கைக்கு நேர் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை நிலமில்லை. நாம்தான் கடைசித் தரிப்பிடம். இங்கே இடமில்லையென்றால் அவை எங்கே போகும்?

"பரீட்சைக்குப் படிக்காமல் குருவி பார்ப்பதா?" என்று கேட்பார்கள். உயர்தர உயிரியலில் ராம்சார் சமவாயத்தைப் பாடமாக்கும் நாம், வீதியோர ஈரநிலத்தில் குப்பை கொட்டும்போதும் மண் போட்டு நிரப்பும்போதும் பேசாமல் கடந்து போகிறோம். "சும்மா கிடக்கிற பள்ளம்தானே" என்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை. மாரி வெள்ளம் தங்குவது அங்கேதான். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை வெள்ளம் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு மேலான சுவனத்தைக் கொடுப்பானாக. பள்ளங்களையெல்லாம் நிரப்பிவிட்டால் வெள்ளம் எங்கே நிற்கும்? பறவைக்கான இடமும் வெள்ளத்துக்கான இடமும் ஒன்றுதான்.

ஓர் இடத்தைக் காக்கச் சொல்வதானால், அங்கே என்ன இருந்தது என்று காட்டப் பதிவு வேண்டும். சகோதரிகளே, அதை எழுத நிபுணர்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் விஞ்ஞான மன்றம் ஒரு கொப்பி வைக்கட்டும். மாவடிப்பள்ளியிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் வரும் மாணவிகள் வாரம் ஒரு நாள் திகதி, இடம், எண்ணிக்கை எழுதட்டும். பெயர் தெரியாத பறவையென்றால் அலகு, கால், இறகின் நிறத்தை எழுதினால் போதும். கிட்டப் போய் விரட்டவும் வேண்டாம், தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதவும் வேண்டாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுப்போம்.

வரும் செப்டெம்பரில் முதற்பக்கத்தை முதலாம் வருட மாணவிகள் தொடங்கலாம். நாங்கள் பரீட்சை எழுதிப் போய்விடுவோம், கொப்பி கல்லூரியில் இருக்கும்.