அனுமதிக் கடிதம் வரைக்கும் யார் செலவு?

வெளிநாட்டில் முதுகலையோ ஆய்வுப் படிப்போ படிக்க விரும்பும் ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்களுக்கு ஒன்றிய அரசு ஆண்டுக்கு 125 இடங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் 115 பட்டியலினத்தவருக்கு. மீதமுள்ளவை நாடோடிச் சமூகங்களுக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும். தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது. திட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அது செஞ்சிப் பக்கத்துச் சேரியிலிருந்து அரசு கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

ஒன்றிய அரசின் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வரும் பல்கலைக்கழகம் ஒன்றின் நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் சும்மா வருமா? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்கே 17,000 ரூபாய்க்குக் குறையாமல் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டணமும் உண்டு. களையெடுக்கப் போகும் தாய்க்கு இதெல்லாம் எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் பாருங்கள். லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கும் திட்டம், முதல் இருபதாயிரத்துக்கு நம்மைக் கந்துவட்டிக்காரனிடம் அனுப்புகிறது. இந்தத் தடையைத் தாண்டி வருகிறவர்கள் பெரும்பாலும் நகரத்து, அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள்தாம். அவர்களும் நம்மவர்கள்தாம்; அதில் வருத்தமில்லை. ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பவர் கடைசியிலேயே நிற்கிறார்.

தேர்வானாலும் நிம்மதி இல்லை. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் தந்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பிள்ளை ஜூலையில் இதைக் கேட்டால் என்ன செய்வான்?

அம்பேத்கர் 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு. அந்த உதவி இல்லாவிட்டால் அவர் போயிருக்கவே முடியாது. ஆனால் அதன் குறையையும் நாம் பேச வேண்டும். காலக்கெடு முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பை நடுவில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கி, சாதி தெரிந்ததும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். படிக்க அனுப்பியவர்கள், திரும்பி வந்த பின் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜா, நண்பர்கள் செய்த உதவியும் இருந்ததால்தான் 1920இல் மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

கொலம்பியாவில் அவர் 1916இல் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது என்பதைப் பற்றியது. இன்று ஒரு மாணவி அதே பொருளில் ஆய்வு செய்ய வெளிநாடு போக விரும்பினால் ஒன்றிய அரசு பணம் தராது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவியில்லை என்று 2022இல் விதியை மாற்றிவிட்டார்கள். அதற்கான அறிஞர்களும் நூலகங்களும் இங்கேயே இருக்கின்றனவாம். இங்கே இருக்கும் துறைகளில் சாதியைப் பற்றி ஆய்வு செய்ய நெறியாளர் கிடைக்காமல் தலைப்பை மாற்றிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பொறியியலுக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நம் வாழ்க்கையை நாமே ஆராய்ந்து எழுதும் வழியை ஏன் அடைக்க வேண்டும்?

வரிசையைத் திருப்பிப் போடலாம். இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் விருப்பமுள்ளவர்களைக் கண்டறிந்து, ஓராண்டு ஆங்கிலப் பயிற்சி தந்து, தேர்வுக் கட்டணத்தையும் விண்ணப்பக் கட்டணத்தையும் அரசே நேரடியாகக் கட்ட வேண்டும். அனுமதி கிடைத்த நாளிலிருந்து பணம் உறுதி என்று எழுதித் தர வேண்டும். 2022 விதியை நீக்க வேண்டும். ஏற்கெனவே போய் வந்தவர்களை மாவட்டந்தோறும் அழைத்துப் பேச வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பேருந்துக் கட்டணம்தான்.

அதுவரை, இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. முதுகலைக்குப் போக விண்ணப்பிக்கக் கேட்பது பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், வயது 35க்குள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மிகக் கூடாது. நம்மில் பலருக்கு இந்தத் தகுதி இருக்கிறது. சாதிச் சான்றிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள்.