ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா



கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து உறவுகளே, ஆசிரியர்களாகிய நாங்கள் இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறோம். கோபிப்பவர்கள் வாசித்து முடித்துவிட்டுக் கோபியுங்கள்.

நம் ஊர்ப் பொடியன் ஒருவன் மேட்ச் பார்க்கப் போய் அடிதடியில் மாட்டினாலும் சரி, சட்டைப்பையில் கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபட்டாலும் சரி, பெரியவர்களிடம் இருப்பது ஒரே வைத்தியம். "இழுத்தடிக்காம ஒத்துக்கிட்டு, தண்டத்தக் கட்டிட்டு வா மகன்." சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு மிச்சம், தவணைக்குத் தவணை பஸ் ஏறும் அலைச்சலும் மிச்சம். பின்னேரமே பொடியன் வீட்டுக்கு வந்துவிடுகிறான். வழக்கு முடிந்தது என்று உம்மா சோறு போடுகிறார்.

முடியவில்லை. நாலு வருடம் கழித்து அவன் வெளிநாட்டுக்குப் போக பொலிஸ் கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது எழுந்து வருகிறது. குடியிருந்த இடத்துப் பொலிஸ் நிலையத்திலும் குற்றப் பதிவுகளிலும் தேடிப் பார்த்துத்தான் அந்தக் கடதாசியைத் தருகிறார்கள். குவைத் அதைக் கேட்கிறது, கனடா கேட்கிறது, அவுஸ்திரேலியா கேட்கிறது. நம் பொடியன்மார் இராப்பகலாய் பாஷை படித்துப் போகும் கொரிய வேலைக்கு, சிறைத்தண்டனையோ அதைவிடக் கூடிய தண்டனையோ பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. "ஒத்திவைத்த தண்டனைதானே, நான் உள்ளே போகவில்லையே" என்று எங்களிடம் படித்த பிள்ளை ஒருவன் கேட்டான். உள்ளே போகாவிட்டாலும் தீர்ப்பில் எழுதியிருப்பது சிறை என்றுதானே?

இவ்வளவுக்கும் நம் நாட்டுச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 306ஆம் பிரிவு. குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயது, முந்தைய நடத்தை, குற்றத்தின் சிறுமை எல்லாவற்றையும் பார்த்து, குற்றவாளி என்று தீர்ப்பெழுதாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் "ஒத்துக்கிட்டு வா" என்று அனுப்பி வைத்த பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காசில்லை என்பவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, கண்டியிலும் அலுவலகம் உண்டு. கல்யாண மண்டபத்துக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கும் ஊர், பிள்ளையின் வழக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கிறது.

அடுத்தது ஏஜென்ஸிக்காரர்கள். "ஃபோர்மில் நோ என்று போடு, யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்கிறார்களே, அதுதான் பெரிய துரோகம். பழைய சின்னக் குற்றத்தை மன்னிக்க வழி வைத்திருக்கும் நாடுகூட பொய்யை மன்னிப்பதில்லை. பிரித்தானியா, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்குக் கதவை அடைக்கிறது, அதற்குக் குறைந்ததை ஆளைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. ஏமாற்றியதாகக் கண்டால் மட்டும் 10 வருடத் தடை. கனடா, தண்டனை முடிந்து 5 வருடம் கழிந்தால் திருந்திவிட்டேன் என்று விண்ணப்பிக்க இடம் தருகிறது. பொய் சொன்னால் அங்கேயும் 5 வருடத்துக்கு வாசல் மூடல். ஏஜென்ஸிக்காரருக்கு கமிஷன் கிடைத்துவிடும். தடை பிள்ளைக்கு.

"அப்போ கள்ளனையும் குடுகாரனையும் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. யாரை உள்ளே எடுப்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமை. ஆனால் அவர்களே ஆறு மாதத்தையும் ஆறு வருடத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தெரிந்த நாம்தான் ஒன்றாகப் பார்க்கிறோம். ஜும்ஆவில் தவ்பாவைப் பற்றிக் கேட்டுத் தலையாட்டுகிறவர், பெண் கேட்டு வந்தால் பத்து வருடத்துக்கு முந்திய கேஸை விசாரிக்கிறார்.

2023 டிசம்பர் 17இல் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில், ஒரு மாதம் கழிந்த கையோடு ஐ.நா. நிபுணர்கள் சொன்ன கணக்கே 29,000க்கும் மேற்பட்ட கைதுகள். அதில் எத்தனை பேர் இருபது வயதுக்காரர்கள், எத்தனை பேர் ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குற்றமே செய்யாதவர் கதை இன்னும் மோசம். நம் மாவட்டத்து கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராஸிக், ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். முகநூலில் எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதானார். மனித உரிமையைக் காக்கவென்று 2007இல் கொண்டுவந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தைத்தான் அவர் மேல் பாய்ச்சினார்கள். அதில் நீதவானால் பிணை கொடுக்கவும் முடியாது. ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது. இப்படிக் கைதான ஒருவர் அமெரிக்க வீசாவுக்குப் போனால், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் போட வேண்டும். பிழை பொலிஸுடையது, விளக்கம் கொடுக்க வேண்டியவர் அவர்.

பிரித்தானியா 1974இலேயே, சிறிய தண்டனை பெற்றவர் சில வருடம் ஒழுங்காக இருந்தால் அது கழிந்துபோனதாகக் கருதச் சட்டம் செய்தது. (வீசா கேட்டுப் போகிறவருக்கு 2012 முதல் அந்தச் சலுகை இல்லை. அதுவும் தெரிந்திருக்கட்டும்.) நம் நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் பள்ளிவாசல் முற்றத்துக்கு வரும் கண்டி மாவட்ட எம்.பி.மாரிடம் நாம் இதுவரை பாதையும் லைட்டும்தான் கேட்டிருக்கிறோம். இனி இதையும் கேளுங்கள்.

அதுவரை, பிள்ளை பிடிபட்டால் முதல் கோல் சட்டத்தரணிக்கு. வழக்கு முடிந்தவர்கள் தீர்ப்பின் சான்றுபடுத்திய பிரதியை எடுத்து வையுங்கள், நாளைக்கு வீசாவுக்குக் கேட்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சட்டத்தரணி ஒருவரைக் கூப்பிட்டு இருத்த ஜமாஅத் சம்மதித்தால், ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்க நாங்கள் வருகிறோம். தோட்டத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்களுக்கும் இதே கதைதான்.